மந்திரிக்குப் போர்த்திய சால்வை

என் வயதுக்காரர் சிலர் இதை வாசிப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். சின்ன வயதில் யாரோ ஒரு பெரியவரின் உடுப்புப் பெட்டிக்குப் பின்னால் நடந்து இந்த நகரத்துக்கு வந்தவர்கள் நீங்கள். முதல் பனிக்கு வேறு யாரோ போட்டுக் கழித்த சப்பாத்தைப் போட்டவர்கள். உங்களுக்கு யூலை முதலாம் திகதி நினைவிருக்கும். மொன்றியல் முழுவதும் அன்றைக்குத்தான் வீடு மாறும். கொண்டுபோக மனமில்லாத கதிரை, மெத்தை, மேசைவிளக்கு எல்லாம் தெருவோரத்தில் கிடக்கும். எங்கள் வீட்டுச் சாமானில் முக்கால்வாசி அப்படி வந்ததுதான். தொலைக்காட்சியும் அப்படித்தான் வந்தது.

நான் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. வேலையிடத்தில் என்னோடு பல வருடம் நிற்பவர்களுக்கே என் குரல் சரியாகத் தெரியாது. ஆனால் போன மாதம் ஒரு நிகழ்ச்சியைப் பார்த்த பிறகு அந்த ஒரு கோடைகாலம் திரும்பத் திரும்ப வருகிறது. அதை எங்காவது இறக்கி வைக்க வேண்டும்.

அந்தத் தொலைக்காட்சிப் பெட்டியைத் தூக்கி வந்தவர் அறை மாமா. செயின்ட்-மிஷேலில் நாங்கள் இருந்த பேஸ்மென்ட் வீட்டின் மற்ற அறையில் அவர் இருந்தார். சொந்தக்காரர் இல்லை. பாண் பேக்கரி ஒன்றில் இரவு வேலை. எங்களுக்கு முதலே வந்துவிட்டதால் கனடாவைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று அப்பா நம்பினார். மாமாவும் அப்படியே நம்பினார்.

“அண்ணை, கலர் ரீவி. ஒரு கீறல் இல்லை. ஏன் எறிஞ்சிருக்கிறான் எண்டு யோசியுங்கோ.”

“ஏன்?”

“புதுசு வாங்கிப்போட்டான். வேறையென்ன.”

மின்சாரத்தில் செருகிய பிறகுதான் ஏன் எறிந்தான் என்று தெரிந்தது. படம் வந்தது, சத்தம் வரவில்லை. மாமா பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு சொன்னார்: “பிரெஞ்சு தானே அண்ணை. சத்தம் வந்தாலும் எங்களுக்கு வராத மாதிரித்தான்.”

அப்பா சிரித்தார். அந்தக் கோடையில் அவர் சிரித்தது எனக்கு நினைவில் இருக்கிற சில தடவைகளில் அது ஒன்று.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மா கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார். ஏஜென்சிக்காரன் இரண்டு பேரைத்தான் ஏற்ற முடியும் என்று கடைசி நேரத்தில் சொன்னதால் அப்பாவும் நானும் முதலில் வந்தோம். அம்மாவுக்கான அலுவல் இமிக்ரேசன் கந்தோரில் கிடந்தது. அப்பா மாதத்தில் ஒருநாள் அங்கே போய், நீண்ட நடையோரத்தில் போட்டிருந்த கதிரைகளில் மற்றவர்களோடு இருந்துவிட்டு வருவார். “பார்க்கினமாம்” என்பார்.

பகலில் அப்பா வேலைக்குப் போய்விடுவார். பள்ளிக்கூடம் விடுமுறை. அறை மாமா நித்திரை கொள்வார், ஆகவே சத்தம் போடக்கூடாது. கதிரையை இழுக்கக்கூடாது. குழாயைப் பெரிதாகத் திறக்கக்கூடாது. யன்னல் கூரைக்குக் கிட்ட இருந்தது. அதனூடாகத் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். நான் கால்களைப் பார்ப்பேன், பிறகு சத்தமில்லாத தொலைக்காட்சியைப் பார்ப்பேன், பிறகு அப்பாவின் பெட்டியைத் திறந்து சால்வையை எடுத்து மணப்பேன்.

அந்தச் சால்வையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அப்பாவின் கலியாணச் சால்வை. வெள்ளைப் பட்டு. அரக்குக் கரையில் மெல்லிய சரிகை ஓடும். ஒரு மூலையில் கலியாணத்தன்று பட்ட மஞ்சள் கறை, எத்தனை தரம் கழுவியும் போகாதது. நாங்கள் புறப்படும்போது அம்மா அதை அப்பாவின் பெட்டிக்குள் வைத்தார். “கூறைச் சேலை என்னட்டை இருக்கட்டும், சால்வை உங்களிட்டை இருக்கட்டும். நான் வந்து சேர்ந்த உடனை ரெண்டையும் உடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போவம்” என்றார். அதை அவர் அப்பாவிடம்தான் சொன்னார். ஆனால் மறக்காமல் வைத்திருந்தவள் நான். சால்வையில் பூச்சி உருண்டை மணமும், அதற்கு அடியில் அம்மாவின் அலுமாரி மணமும் இருந்தன. நாளாக நாளாகப் பூச்சி உருண்டை மணம் மட்டும் மிஞ்சியது. நான் மணந்து மணந்துதான் மற்றதைத் தீர்த்துவிட்டேன் என்று நினைத்து, பிறகு கொஞ்ச நாள் திறக்காமல் விட்டேன்.

தொலைக்காட்சியில் கிழமைக்கு ஒருநாள் பின்னேரம் ஒருவர் வருவார். உயரமானவர், நரைத்த கிருதா, நல்ல கோட்டு. அவருடைய பெரிய மேசைக்குப் பின்னால் கொடி நிற்கும். கடதாசிகளில் கையெழுத்து வைப்பார். வெளியே வந்தால் ஒலிவாங்கிகளோடு ஆட்கள் சூழ்ந்துகொள்வார்கள். அவருடைய கந்தோர் நடையோரத்தில் கதிரைகளில் மனிதர்கள் காத்திருப்பார்கள்.

அப்பா ஒருநாள் பாண் கடித்ததை நிறுத்திவிட்டு அந்த நடையோரத்தையே பார்த்தார்.

“தம்பி, நாங்கள் போய் இருக்கிற இடம் மாதிரியெல்லே கிடக்கு.”

அறை மாமா வேலைக்குப் போகச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். “அதுதான் அண்ணை. உவர்தான் இமிக்ரேசன் மந்திரி.”

“மெய்யாவோ?”

“பாருங்கோவன், கறுத்த சனம், சீனச் சனம் எல்லாம் வரிசையில நிக்குது. வேறை ஆரிட்டை நிக்கும்?”

அந்தப் படத்தின் முடிவில் பெயர்கள் மேலே ஓடும். செய்தி முடியும்போதும் அப்படித்தானே ஓடும் என்றார் மாமா. எனக்குப் பிரெஞ்சு கொஞ்சம் தெரியும், புதிதாக வந்த பிள்ளைகளுக்கான வகுப்பில் சில மாதம் இருந்திருந்தேன். ஆனால் சத்தமில்லாத படத்தில் பிரெஞ்சு தெரிந்து என்ன பயன். பெரியவர்கள் மந்திரி என்றால் மந்திரி.

அப்பாவுக்கு வேலை ஆற்றுக்கு அந்தப் பக்கம், புரோசார்ட்டையும் தாண்டி ஒரு கோல்ஃப் கழகத்தின் குசினியில். கோப்பை கழுவுவார். கிழமை நாட்களில் என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போவார். சனி ஞாயிறு அறை மாமா சிநேகிதரோடு வெளியே போய்விடுவதால் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போவார். மெட்ரோ, பிறகு பஸ், பிறகு நடை. அவ்வளவு பெரிய புல்வெளியில் ஒரு மாடுகூட இல்லையே என்று முதல்நாள் நான் கேட்டேன்.

குசினியில் எனக்கு இடம் தந்தவர் ஹெயிற்றியிலிருந்து வந்த சமையற்காரம்மா. எல்லோரும் மதாம் என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. பருத்த கை. உருளைக்கிழங்கு சீவும்போது தனக்குத்தானே பாடுவார். என்னோடு அவர் ஆறுதலாகப் பிரெஞ்சு கதைத்தார். நான் பதில் சொல்லாவிட்டாலும் அவருக்குக் கவலை இல்லை. “இவள் வெங்காயம் மாதிரி. அமைதியாக இருப்பாள், உரிக்க உரிக்க வருவாள்” என்று மற்றவர்களுக்குச் சொல்வார்.

குசினிக்கும் சாப்பாட்டு மண்டபத்துக்கும் நடுவில் நீளமான நடையோரம் இருந்தது. அதன் சுவர் முழுக்கப் படங்கள். அந்தக் கழகத்தில் ஒவ்வொரு கோடையும் நடக்கும் போட்டியின் படங்கள் அவை. அப்பா தட்டம் தூக்கிப் போகும்போதெல்லாம் நான் அங்கே நின்று அவற்றைப் பார்ப்பேன். ஆகப் பழையவற்றில் தொப்பி போட்ட நாலைந்து ஆண்கள், பின்னால் வெறும் புல். மதாம்தான் அந்தக் கதையைச் சொன்னார். தொடக்கத்தில் கோல்ஃப்பையே தொழிலாக விளையாடுகிறவர்கள் மட்டும் வந்து விளையாடினார்களாம். பார்க்க அவர்களுடைய பெண்சாதிமாரைத் தவிர ஒருவரும் வரவில்லையாம். போட்டியை நிறுத்தலாம் என்று யோசித்த வருடம், யாரோ ஒரு ஹொக்கி வீரரைக் கூப்பிட்டுப் பார்ப்போம் என்றார்களாம். அந்த வருடம் கார்கள் பெருந்தெருவரைக்கும் நின்றனவாம். அடுத்த வருடம் ஒரு பாடகர். பிறகு பகிடி விடுகிறவர், காலநிலை சொல்கிறவர், தொலைக்காட்சியில் வருகிறவர்கள். ஒரு தொழில்காரருக்கு ஒரு பிரபலம் என்று சோடி சேர்த்து விளையாடுவது அப்படித்தான் வழக்கமானதாம்.

“அப்ப ஆர் நல்லா விளையாடுவினம்?” என்று கேட்டேன்.

“தொழில்காரர்தான். ஆனால் அவர்களை யார் பார்க்கிறார்கள்?” என்றார் மதாம்.

பிறகு பார்த்தபோது அது உண்மையாக இருந்தது. நிறப்படங்களில் நடுவில் நின்று சிரிக்கிறவர்களைச் சுற்றிக் கூட்டம். ஓரத்தில், படத்தின் சட்டம் தோளை வெட்டுகிற இடத்தில், ஒருவர் தடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒவ்வொரு வருடமும் அப்படி ஒருவர். எனக்கு அந்த ஓரத்து ஆட்களைத்தான் பிடித்தது. என்னைப் போல நிற்கிறார்கள் என்று அப்போதே நினைத்தேனா, இப்போது நினைக்கிறேனா தெரியவில்லை.

ஒருநாள் அப்பா தட்டத்தோடு வந்தவர் ஒரு படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். போன வருடத்துப் படம். நரைத்த கிருதா. கோட்டுக்குப் பதிலாக மஞ்சள் பெனியன்.

“பிள்ளை, ஆர் எண்டு பார்.”

நான் பார்த்தேன். மந்திரி.

அந்த வருடப் போட்டிக்கான பெரிய விளம்பரம் வாசலில் ஒட்டப்பட்டிருந்தது. அதிலும் அவர் முகம் இருந்தது. மதாமிடம் கேட்கச் சொன்னார் அப்பா. நான் போய், இந்த மனிதர் வருவாரா என்று மட்டும் கேட்டேன். வருவார், ஒவ்வொரு வருடமும் வருவார், நல்ல மனிதர், குசினிக்குள்ளும் வந்து கை குலுக்குவார் என்றார் மதாம். அவர் யாரென்று நான் கேட்கவில்லை, மதாமும் சொல்லவில்லை. அந்த முகத்தைத் தெரியாதவர் இந்த மாகாணத்தில் இருப்பார் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

இங்கே ஊர்க் கதை ஒன்று சொல்லாவிட்டால் அப்பாவை உங்களுக்கு விளங்காது. அப்பா ஊரில் விளையாட்டுக் கழகச் செயலாளர். வருடாந்தப் போட்டிக்குப் பிரதம விருந்தினராக எம்.பி.யையோ, கல்விப் பணிப்பாளரையோ கூப்பிடுவார்கள். மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, பிறகு நன்றியுரை. ஊருக்குத் தார் றோட்டு வேண்டுமென்றாலும், பள்ளிக்கூடத்துக்கு விஞ்ஞான ஆசிரியர் வேண்டுமென்றாலும் அந்த நன்றியுரையில்தான் கேட்பார்கள். பொன்னாடையைத் தோளில் வைத்துக்கொண்டு ஊர் முன்னால் ஒருவரும் இல்லையென்று சொல்லமாட்டார்கள் என்பது அப்பாவின் அனுபவம். உயரமானவர் என்பதால் போர்த்துகிற பொறுப்பு எப்போதும் அவருக்குத்தான்.

ஆகவே விளையாட்டுப் போட்டி, அதற்கு மந்திரி வருகிறார் என்றதும் செய்ய வேண்டியது என்ன என்பதில் அப்பாவுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

“வெறுங்கையோட போகேலாது தம்பி. பொன்னாடைக்கு இஞ்சை எங்கை போறது?” என்றார் அறை மாமாவிடம்.

“துவாய் ஒண்டு வாங்கட்டோ? பூப்போட்டது கிடக்கு.”

“விசரே உனக்கு? மந்திரிக்குத் துவாயோ?”

மாமா போன பிறகு அப்பா பெட்டியைத் திறந்தார். சால்வையை மடியில் வைத்துக்கொண்டு நிறைய நேரம் இருந்தார். எனக்கு விளங்கிவிட்டது.

“அம்மா கேட்பாவெல்லே” என்றேன்.

“அம்மா வாறதுக்குத்தானே பிள்ளை குடுக்கிறன்.”

எனக்கு அம்மா வேண்டும். சால்வையா அம்மாவா என்றால் அம்மா. ஆனால் அவர் அதைக் கடதாசிப் பைக்குள் வைக்கும்போது, கடைசியாக ஒருதரம் மணந்து பார்க்கத் தரச் சொல்லிக் கேட்க வெட்கப்பட்டேன்.

போட்டியன்று அப்பா வெள்ளைச் சேட்டுப் போட்டு, குசினி ஏப்ரனை மறைக்க மேலே கோட்டும் போட்டிருந்தார். அப்பாவுக்கு இரட்டைப் பின்னல் போடத் தெரியாததால் எனக்கு மதாம்தான் போட்டுவிட்டார். மத்தியானத்துக்கு முன் அப்பா குசினியில் கொஞ்சநேரம் லீவு கேட்டுக்கொண்டு என்னைக் கூட்டிப் போனார். குசினிக்குக் கிட்ட இருந்த கோல்ஃப் குழியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு வெளியே அவ்வளவு சனம். ஆனால் சத்தமே இல்லை. யாராவது பந்தை அடிக்கப் போனால் ஒருவர் அமைதி என்று எழுதிய ஒரு பலகையைத் தூக்கிப் பிடிப்பார், எல்லோரும் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். நான் பகல் முழுக்கப் பழகியது அதைத்தானே. அத்தனை பெரியவர்கள் ஒன்றாகச் சேர்ந்து என் வீட்டு விளையாட்டை விளையாடுவது போல இருந்தது.

மந்திரி வந்தார். கூட அவருடைய தொழில்காரர், மெலிந்த, கவலையான முகம். தொழில்காரர் தூரத்திலிருந்து உருட்டிய பந்து குழிக்குள் விழுந்தது, சனம் கொஞ்சம் கைதட்டியது. மந்திரி ஒரு சாண் தூரத்திலிருந்து உருட்டியது விழவில்லை, சனம் ஆரவாரம் செய்தது. அவர் தலையில் கைவைத்துக்கொண்டு புல்லில் முழங்காலில் இருந்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

“இப்ப” என்றார் அப்பா.

கயிற்றைத் தூக்கிக்கொண்டு அவர் உள்ளே போனார், என் கையைப் பிடித்தபடி. பலகை வைத்திருந்தவர் ஓடி வந்தார். மந்திரி கையைக் காட்டி அவரை நிறுத்தினார். அப்பா பைக்குள்ளிருந்து சால்வையை எடுத்து, ஒரு உதறு உதறி, இரண்டு கையாலும் விரித்து, ஊரில் செய்தது போலவே அவர் தோளில் போர்த்தினார். கரை வெளியே தெரியும்படி இழுத்துவிட்டார். பிறகு ஒரு அடி பின்னால் வந்து கும்பிட்டார். வெயிலில் சரிகை மின்னியது. சனம் கைதட்டத் தொடங்கியது.

“சொல்லு பிள்ளை. அம்மாவைப் பற்றிச் சொல்லு.”

நன்றியுரை என்மேல் விழுந்தது. வழியெல்லாம் பாடமாக்கியிருந்தேன். ஒன்றும் வரவில்லை. அவ்வளவு கண்கள். கடைசியில் சொன்னது இவ்வளவுதான்: என் அம்மா கொழும்பில். நாங்கள் இங்கே. தயவுசெய்து.

மந்திரி குனிந்தார். அவரிடம் சவரச் சோப்பு மணமும் சுருட்டு மணமும் இருந்தன. என் முகத்தைப் பார்த்து, மெதுவாக, எனக்கு விளங்குகிற பிரெஞ்சில் சொன்னார்: “அவ வருவா, குட்டி. பொறுத்திரு. கட்டாயம் வருவா.”

“என்னவாம்?” என்றார் அப்பா.

“அம்மா வருவாவாம்.”

அப்பா திரும்பவும் கும்பிட்டார். இந்த முறை கையை எடுக்கவே இல்லை. மந்திரி சால்வையோடு அடுத்த குழிக்கு நடந்தார். நான் அதன் மஞ்சள் மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், மரங்களுக்குப் பின்னால் மறையும்வரை.

இப்போது அவருடைய வயதும் எனக்கு வந்துவிட்டது. அவர் சொன்னது என்ன என்று விளங்குகிறது. அம்மா இல்லாத பிள்ளைக்கு யாரும் சொல்கிற ஒரு சொல். நாங்கள் அதை அரசாங்கத்தின் சொல்லாக வீட்டுக்குக் கொண்டுபோனோம்.

அந்த ஓகஸ்ட் மாதம் அப்பா விசிலடித்துக்கொண்டு கோப்பை கழுவினார். அம்மாவின் அளவில் ஒரு குளிர்க்கோட்டு பார்த்து வைத்தோம். கிழமைக்கு ஒருமுறை மந்திரி தொலைக்காட்சியில் வரும்போது அப்பா எழுந்து நேராக இருப்பார். கையெழுத்து வைக்கும்போதெல்லாம் “இது எங்கடையாக்கும்” என்பார்.

செப்ரெம்பரில் ஒரு பின்னேரம், படம் தொடங்கியதும் ஒரு கார் பாலத்தடியில் நொறுங்கிக் கிடந்தது. பிறகு ஒரு தேவாலயம். கொடி போர்த்திய பெட்டி. அந்த மேசை, பின்னால் வெறும் கதிரை. ஒரு பெண் கறுப்புத் துணிக்குள் அழுதார். சத்தமில்லை. அப்பா எழுந்து நின்றார். அவர் கையிலிருந்த தேத்தண்ணி ஆறிக்கொண்டு போனது.

“ஐயோ, நல்ல மனுசன்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “இனி ஆரிட்டைப் போறது?” என்றார்.

அந்தக் கிழமை முழுவதும் ஒரு விடயம் எங்களுக்கு விளங்கவில்லை. கடைகள் திறந்திருந்தன. பஸ் ஓடியது. துக்கத்துக்கு ஒரு வெள்ளைக்கொடிகூட இல்லை. இந்த நாட்டில் மனிதருக்கு மதிப்பில்லை என்றார் அப்பா. சனிக்கிழமை வெள்ளைச் சேட்டுக் கையில் கறுப்புப் பட்டி குத்திக்கொண்டு வேலைக்குப் போனார். எனக்கும் ஒரு துண்டு குத்திவிட்டார்.

மதாம் கறுப்புப் பட்டியைக் கண்டதும் கத்தியை வைத்துவிட்டு ஓடி வந்தார். என்னைக் கட்டிப்பிடித்தார். “யார்? அம்மாவா?” என்று கேட்டார். அம்மா இல்லை என்றேன். மந்திரி என்றேன். கார் மோதி, தேவாலயம், பெட்டி என்றேன். மதாம் முதலில் விளங்காமல் பார்த்தார். பிறகு விளங்கியது. அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியாத, உடம்பு முழுக்கக் குலுங்கிய சிரிப்பு. மற்றவர்களுக்குச் சொன்னார். குசினி முழுவதும் சிரித்தது. கோப்பை துடைக்கிறவன் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தான்.

அப்பாவும் சேர்ந்து கொஞ்சம் சிரித்தார், என்னவென்று தெரியாமல், மரியாதைக்கு.

“என்னவாம் பிள்ளை?”

மதாம் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. வாயைக் கையால் பொத்திக்கொண்டார். ஆனால் அதற்கு முதலே எனக்கு எல்லாம் சொல்லிவிட்டார். அதை அப்பாவிடம் சொல்ல வேறு ஆள் இருக்கவில்லை.

“அவர் நடிகராம் அப்பா. அது நாடகமாம். அவர் சாகேல்லையாம்.”

அப்பா கையில் குத்தியிருந்த பட்டியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, “சாகேல்லைத் தானே. அது நல்லது” என்றார். திரும்பிப் போய்க் கோப்பைகளை எடுத்தார். பின்னேரம் பஸ்ஸில் பட்டியைக் கழற்றி யன்னலால் விட்டார். என்னுடையதையும் கழற்றினார். பாலத்தில் போகும்போதுதான் கதைத்தார்.

“சால்வைக் கதை அம்மாட்டைச் சொல்லப்படாது. என்ன?”

“ஓம் அப்பா.”

அறை மாமாவிடம் சொன்னபோது அவர் தளரவே இல்லை. “அதுக்கென்ன அண்ணை. தமிழ்நாட்டைப் பாருங்கோ. நடிகர்மார்தானே பேந்து மந்திரியா வாறவை. இவரும் வருவார்.” அப்பா அன்றைக்கு அவரோடு சாப்பிடவில்லை. அடுத்த கிழமை கோல்ஃப் கழக வேலையையும் விட்டுவிட்டு ஒரு தையல் தொழிற்சாலையில் சேர்ந்தார். அந்தப் பக்கம் பிறகு அவர் போனதே இல்லை. மதாமுக்கு நான் போய்வாறேன் என்று சொல்லவும் இல்லை.

அம்மா வந்தார். யாருடைய சிபாரிசும் இல்லாமல், அலுவல் தன்பாட்டில் நகர்ந்து, அடுத்த பனிக்காலத்தில் வந்தார். மிராபெல் விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் அவரைக் கண்டபோது எனக்கு அவருடைய முகம் சின்னதாகிவிட்டது போல இருந்தது. கோட்டு அவருக்கு அளவில்லை.

முதல் வெள்ளிக்கிழமை அம்மா கூறையை எடுத்து வைத்தார். “இஞ்சருங்கோ, சால்வை எங்கை?”

அப்பா சப்பாத்துக் கயிற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “துலைஞ்சு போச்சு.”

“துலைஞ்சு போச்சோ?”

“ஓம். வீடு மாறேக்கை.”

நாங்கள் வீடு மாறவே இல்லை. அது அம்மாவுக்குத் தெரியும். கூறையைத் திரும்ப மடித்து அலுமாரிக்கு அடியில் வைத்தார், சாதாரணச் சேலையோடு கோயிலுக்கு வந்தார். அதன் பிறகு அந்த வீட்டில் இருந்த அமைதிக்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சண்டை இல்லை. சோறு கறி நேரத்துக்கு வந்தது. ஆனால் அவர்கள் இருவரும் என்னூடாகத்தான் கதைத்தார்கள். “அப்பாவைச் சாப்பிட வரச்சொல்லு.” “அம்மாட்டைச் சொல்லு, நான் பிந்தித்தான் வருவன்.” நான் காத்திருந்த அம்மா அடுத்த அறையில் இருந்தார், எனக்கு இன்னும் காத்திருப்பது போலவே இருந்தது. காலப்போக்கில் கதைக்கத் தொடங்கினார்கள்தான், வயதானபோது பகிடிகூட விட்டார்கள். கூறை மட்டும் மடிப்புக் கலையாமல் கிடந்தது. அப்பா சில வருடங்களுக்கு முன் போய்ச் சேர்ந்தார். அவர் சொல்லவே இல்லை.

இப்போது நானும் அம்மாவும் நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். நான் கலியாணம் செய்யவில்லை. பின்னேரங்களில் தொலைக்காட்சி சத்தத்தோடு ஓடும், அம்மாவுக்குக் காது மந்தம்.

போன மாதம் அந்த நடிகர் இறந்துபோனார். இந்தமுறை உண்மையாக. அவரைப் பற்றி நீண்ட நிகழ்ச்சி போட்டார்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன். கோல்ஃப் போட்டி என்று கேட்டதும் எட்டிப் பார்த்தேன்.

அந்தப் போட்டியின் கதையை அறிவிப்பாளர் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கோடையில் ஒரு இரசிகர் அவருக்கு வெள்ளைச் சால்வை ஒன்றைப் போர்த்தினாராம். மோசமாக விளையாடுகிறவர் என்று பெயரெடுத்தவர், அன்று அதைக் கழற்றாமல் விளையாடி, அவருடைய சோடி வென்றதாம். அடுத்த வருடம் வென்ற சோடிக்கு அவர் அதைப் போர்த்திவிட்டாராம். அதன் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டதாம். கிண்ணத்தைவிட எல்லோருக்கும் அந்தச் சால்வைதான் வேண்டுமாம். பணம் போட்ட கம்பனி விலகி, பிரபலங்கள் கிழவர்களாகி, கழகத்து நிலத்தை விற்று வீடுகள் கட்டும்வரை அது தோளுக்குத் தோள் போயிருக்கிறது. படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஹொக்கி வீரர். பாடகி. காலநிலை சொல்கிறவர். வருடத்துக்கு வருடம் சால்வை மட்டும் மங்கிக்கொண்டு போனது. ஒரு படத்தில் ஓரத்து ஆளின் தோளில்கூடக் கிடந்தது. நான் அவருக்காகச் சந்தோசப்பட்டேன்.

“நிப்பாட்டு” என்றார் அம்மா. அவர் கதிரையின் நுனிக்கு வந்திருந்தார். “உந்தக் கரை... உது எங்கட கலியாணச் சால்வையெல்லே?”

மூலையில் மஞ்சள் கறை தெரிந்தது. அது என்ன கறை என்று ஒருவருக்கும் தெரியாது என்றார் அறிவிப்பாளர்.

அப்பா போன பிறகு அவருக்குக் கொடுத்த சொல்லைக் காப்பதில் யாருக்கு என்ன. நான் சொன்னேன். சத்தமில்லாத பெட்டி, மந்திரி, குழியடி, நன்றியுரை, கறுப்புப் பட்டி எல்லாம். என் ஆயுளில் நான் அவ்வளவு நேரம் விடாமல் கதைத்ததில்லை. நிகழ்ச்சி முடிந்ததுகூடத் தெரியவில்லை.

“எனக்காகவோ குடுத்தவர்?” என்றார் கடைசியில்.

“ஓம் அம்மா.”

“நான் வரமாட்டன் எண்டு நினைச்சு எறிஞ்சுபோட்டார் எண்டெல்லே இருந்தனான். இவ்வளவு காலமும்.” சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். “ஒரு சொல்லுச் சொன்னால் என்ன, அந்த மனுசன்.”

கொஞ்சம் பொறுத்து, “திருப்பிப் போடு” என்றார்.

மடிக்கணினியில் தேடிப் போட்டேன். அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படங்களைப் பார்த்தார். “ஒருத்தருக்கும் போர்த்தத் தெரியேல்லை. கரையை உள்ளுக்கை விட்டிருக்கினம்” என்றார். விரலால் திரையில் ஒரு பாடகரின் தோளைத் தொட்டு, கரையை வெளியே எடுத்துவிடுவது போல இழுத்தார்.

நிகழ்ச்சியின் முடிவில், முதல்முறை நாங்கள் கதைத்துக்கொண்டிருந்ததில் தவறவிட்ட இடத்தில், அந்த நடிகர் வந்தார். எப்போதோ எடுத்த பேட்டி. நன்றாகக் கிழண்டிவிட்டார். போட்டி நின்ற பிறகு அவரிடமே திரும்பி வந்த சால்வை மடியில் கிடந்தது. ஒரு மனிதர் கயிற்றுக்குக் கீழே நுழைந்து வந்தார், கூட ஒரு சின்னப் பெண்பிள்ளை, என்றார். அது தன் அம்மாவைப் பற்றி என்னவோ சொன்னது. எனக்குச் சரியாக விளங்கவில்லை, வருவார் என்று சொல்லிவிட்டேன். பிறகு ஒவ்வொரு வருடமும் அந்தப் பிள்ளையைத் தேடுவேன். காணவில்லை, அந்த அம்மா வந்தாரா என்றும் தெரியவில்லை, என்றார்.

“என்னவாம்?” என்றார் அம்மா.

“அந்தப் பிள்ளையின்ர அம்மா வந்து சேர்ந்தாவோ தெரியாதாம். கேக்கிறார்.”

அம்மா திரையில் நின்ற முகத்தைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த அப்பாவின் படத்தைப் பார்த்தார்.

“வந்திட்டன் எண்டு சொல்லு” என்றார்.